மறைத்த ஒரு சிகரெட்

இக்கா,

நம் சுகாதார மையத்தில் இன்று காலை நர்ஸ் அலமாரியை ஒழுங்குபடுத்தினார். இனி வராதவர்களின் சிகிச்சை அட்டைகளைத் தனியாகக் கட்டி வைக்க வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து திருப்பிக் கொடுத்த அட்டையும் அதில் இருந்தது. பிரித்தபோது சுக்கு வாசனை லேசாக வந்தது. கிடங்கில் சுக்கும் மிளகும் தரம் பிரித்த கையோடு அதை எடுத்து வருவீர்கள்.

நீங்கள் முதலில் வந்தது ஒரு வியாழக்கிழமை. மட்டாஞ்சேரியில் மூச்சு நோயாளிகளை நாங்கள் பார்க்கும் நாள். உங்களுக்கு ஐம்பத்தெட்டு வயது, என்னைவிட ஆறு வயது கூடுதல்; அதனால்தான் எல்லோரையும் போல நானும் அண்ணன் முறையில் இக்கா என்று கூப்பிட்டேன். நுரையீரலில் நாட்பட்ட அடைப்பு. தினம் ஒரு கட்டு பீடி. இனி ஒன்றுகூடக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்வதையே உங்களிடமும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நர்ஸ் இன்ஹேலர் எடுக்கப் போன பிறகுதான் பேசினீர்கள்.

“டாக்டரே, நீங்க வாயில போட்டது நல்ல ஏலக்காய். ஆனா அதுக்கு அடியில சிகரெட் இருக்கு.”

நர்ஸ் எதிரிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் காத்திருந்தீர்கள். நான் மறுக்கவில்லை. தினம் நான்கு என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் இரண்டு பேரும் சேர்ந்தே நிறுத்திவிடலாம், வருகிற திங்களிலிருந்து, என்று நீங்கள்தான் சொன்னீர்கள். உங்களுக்கு நிக்கோட்டின் மிட்டாய் எழுதிக் கொடுத்தேன். எனக்கும் வாங்கிக்கொண்டேன்.

முதல் வாரம் நீங்கள் இரண்டு பீடி பிடித்திருந்தீர்கள். எந்த நேரம், எந்த இடம் என்று கூசாமல் சொன்னீர்கள். நான் ஒன்றும் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் இருவருக்கும் ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் என் மகளோடு போனில் வாக்குவாதம். வண்டியைத் தோப்பும்படி பாலத்தருகே நிறுத்தி ஒரு சிகரெட் பிடித்தேன். அந்த வியாழன் நீங்கள் கேட்டபோது, ஒன்றுமில்லை என்றேன். வைத்தியம் செய்கிறவன் தவறினால் நோயாளி தளர்ந்துவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்தான் காரணம்.

அதற்கடுத்த வியாழன் நீங்கள் வரவில்லை. ஏழு வாரம் வரவில்லை. ஆஷா பணியாளரை வீட்டுக்கு அனுப்பினேன். வெளியூர் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னீர்களாம். எட்டாவது வாரம் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை. ஆக்சிஜனும் நெபுலைசரும் கொடுத்து எர்ணாகுளத்துக்கு அனுப்பினேன். ஆம்புலன்ஸில் ஏறும்போது உங்கள் மனைவி சொன்னார், இன்ஹேலர் தீர்ந்து ஒரு மாதமாயிற்றாம். மறுபடியும் பீடி தொட்டுவிட்டதால் இங்கே வரவே மாட்டேன் என்றிருந்தீர்களாம்.

“அந்த டாக்டர் ஒண்ணுகூடத் தொடல, நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்னு சொல்லிட்டே இருந்தாரு, டாக்டர்.”

பத்து நாள் கழித்து நீங்கள் வீடு திரும்பியதும் வந்து பார்த்தேன். தலையணையில் சாய்ந்திருந்தீர்கள். பாலத்தருகே பிடித்ததையும் அதற்குப் பிறகு பிடித்த ஐந்தையும் சொன்னேன். வைவீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அடுத்த வியாழன் வந்திருப்பேன், டாக்டரே.”

கோபமில்லாமல்தான் சொன்னீர்கள். உங்கள் மனைவி சாயா கொண்டுவந்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள், எந்தத் திங்களிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள்.

அந்தத் திங்களுக்குப் பிறகு நீங்கள் நான்கு முறை தவறினீர்கள், நான் மூன்று முறை. ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு இருவருக்கும் நின்றது. ஒன்றரை வருடம் நீங்கள் பீடி தொடவில்லை. வீட்டிலிருந்து படகுத்துறை வரை இரண்டு இடத்தில் நின்று நின்று நடந்து போனீர்கள். போன மழைக்காலத்தில் நிமோனியா வந்தது, ஐந்தே நாளில் போய்விட்டீர்கள். பீடியை விட்டதால் ஆயுள் கூடியது என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆவதில்லை. அந்த ஏழு வாரம் எவ்வளவைக் கொண்டுபோனது என்றும் எனக்குத் தெரியாது. அது தெரியாமலேதான் வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன்.

இன்றும் வியாழன். இடக்கொச்சியிலிருந்து மீன் வண்டி ஓட்டுகிற ஒருவர் வந்தார். விட்டுட்டேன் டாக்டர் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் விட்டதையும், எத்தனை முறை தவறினேன் என்பதையும், ஒருமுறை பொய் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“நேத்து மூணு,” என்றார்.

அடுத்த வியாழன் வரச் சொன்னேன். அது நாலானாலும் வாங்க என்றேன்.