அரைக் குளிசை

ஜூன் 11, 2024
இன்றும் அவர் பேசவில்லை. எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்தான். எனக்கு வேர்க்கிறது, அவருக்கு இரண்டு கம்பளி. போன வருஷ மாரடைப்புக்குப் பிறகு இருதயம் பலவீனம் என்று தெரியும். ஆனால் இந்தத் தூக்கம்? இந்த ஊதிய முகம்? இவர் தெல்தோட்டைக்கு பஸ் ஓட்டிய காலத்தில், ஸ்ரீதரன் குரல் இருக்க ஹோர்ன் எதற்கு என்பார்கள். இப்போது தண்ணீர் கேட்டால்கூட எனக்குக் கேட்பதில்லை.

ஜூன் 14
இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. தைரொய்ட் சுரப்பது குறைந்துவிட்டதாம். கிளினிக்கில் டொக்டர் ஸுலைஹா குளிசை எழுதித் தந்தார், அதிலும் பாதிதான். விடிந்ததும் வெறும் வயிற்றில், தேத்தண்ணி பிறகுதான்.
"இவ்வளவுதானா டொக்டர்?"
"இருதயம் பலவீனம் அம்மா. ஒரேயடியாக் கூட்டினா தாங்காது. மெதுவாத்தான் போகணும்."

ஜூன் 29
ஒரு மாற்றமும் இல்லை.

ஜூலை 7
டுபாயிலிருந்து மகள் தர்ஷிகா பேசினாள். "அரைக் குளிசையா? இங்க என்கூட வேல செய்றவ முழுசா ரெண்டு போடுறா. கூட்டிக் குடுங்கம்மா. அப்பா தூங்கியே போயிருவாரு!" பயத்தில் கத்துகிறாள். எனக்கு மட்டும் பயமில்லையா?

ஜூலை 8
காலையில் மற்றப் பாதியையும் கையில் எடுத்தேன். அவர் வாயைத் திறந்து காத்திருந்தார். நான் எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடுவார். அந்தப் பாதியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2
டொக்டரே கொஞ்சம் கூட்டினார்.

ஆகஸ்ட் 17
"நெஞ்சு படபடங்குது" என்றார். கையை வைத்துப் பார்த்தேன் — ஐயோ. உடனே திரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டில் வைத்துக்கொண்டார்கள். கூட்டினா நெஞ்சு, குறைச்சா தூக்கம். நான் எதைக் கேட்டு சாமி கும்பிடுறது?

ஆகஸ்ட் 22
வீட்டுக்கு வந்துவிட்டோம். பழையபடி அரைக் குளிசை. இருதயத்துக்கு வேறு மருந்து. புறப்படுமுன் டொக்டர் ஸுலைஹா என்னைத் தனியே கூப்பிட்டார். "தைரொய்டச் சரி பண்ணலாம் அம்மா. இருதயத்த ஏலாது. ஒரு வருஷம்... அதுவும் சொல்ல ஏலாது." வீட்டுக்கு வந்தும் இவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

செப்டெம்பர் 30
முகத்தில் வீக்கம் வற்றியிருக்கிறது. பக்கத்து வீட்டு ரேடியோவைக் குறைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். சந்தோஷப்படவும் பயமாக இருக்கிறது.

ஒக்டோபர் 13
இடியப்பம் சாப்பிட்டு முடித்தவர் கேட்டார்: "சுந்தரி, என் நெஞ்சு எவ்வளவு நாளைக்குத் தாங்கும்னு டொக்டர் சொன்னாங்க?"

தூங்கிக் கிடந்தவரை இந்தக் கேள்வி தொடவில்லை. தெளிந்ததும் தொட்டுவிட்டது. இதற்காகவா அந்தக் குளிசையைக் கொடுத்தேன்? பொய் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன். வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தர்ஷிகாவ இப்பவே வரச் சொல்லு. நான் பேச முடியிறப்பவே வரட்டும்."

ஒக்டோபர் 24
அப்பாவும் மகளும் முன் அறையில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சோறு ஆறிவிட்டது. நான் கூப்பிடவில்லை.