பத்துக்குப் பத்து

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உங்கள் தங்கையும் நலம். என்னைத் திட்டும் தெம்பு கொஞ்சமும் குறையவில்லை. போனில் நான் கத்துவது தெருவுக்கே கேட்கிறது, உங்களுக்குத்தான் கேட்பதில்லை. பிரஸ் மிஷின் உங்கள் காதைத் தின்றதிலிருந்து எனக்குப் பேனா பிடிக்கும் வேலை வந்து சேர்ந்தது.

எங்கள் பம்ப் தொழிற்சாலையில் நர்ஸம்மா எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார். உடம்பு நன்றாக இருந்த காலத்துக்குப் பத்து மதிப்பெண் என்றால், இன்றைக்கு எத்தனை? குனிய, தூக்க, நிற்க என்று தனித்தனியாகப் போட வேண்டுமாம். நானா விடுவேன்? எல்லாவற்றுக்கும் பத்து. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணுக்கும் பத்து! குறைத்துப் போட்டால் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே. அறுபதுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. லேத் இல்லாமல் நான் வீட்டில் என்ன செய்வேன்?

நீங்கள் போன வருடம் உங்கள் கம்பெனியில் இதே தாளில் ஆறு போட்டீர்களாமே. மானம் கப்பலேறிவிட்டது, மச்சான்!

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 11

அன்பு மாப்பிள்ளைக்கு,

போன மாதம் இங்கே வந்தபோது, மாடிப்படியில் பாதி ஏறி, “காத்து நல்லா வருது” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? அங்கே ஜன்னலே கிடையாது.

ஆறு போட்டது உண்மைதான். அன்றைக்குக் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை என் வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் யாரும் என்னை அனுப்பவில்லை. தகடு தூக்கச் சங்கிலியும் கொக்கியும் போட்டுக் கொடுத்தார்கள், உட்கார ஒரு நாற்காலி கொடுத்தார்கள். போய் உண்மையை எழுதிக் கொடுங்கள்.

என் தங்கையைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
மச்சான்

மார்ச் 19

மச்சானுக்கு,

சூப்பர்வைசர் வந்து முதுகில் தட்டினார். “அண்ணே, இந்த மிஷின் ஷாப்புல ஃபுல் மார்க் நீங்கதான். பெரிய லைனுக்கு வந்துடுங்க.” அங்கே கடைய வரும் ஒரு இரும்பு வார்ப்பு இருபத்தைந்து கிலோ. ஷிப்டுக்கு நாற்பது. பத்து வருடமாக நான் உட்கார்ந்த ஸ்டூல் இப்போது இடுப்பு வலி என்று நான்கு போட்ட முப்பது வயது ஃபிட்டருக்குப் போய்விட்டது. “தேங்க்ஸ்ணே” என்கிறான், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இடது தோள் காதுக்கு மேலே ஏற மாட்டேன் என்கிறது. உங்கள் தங்கைதான் சட்டை மாட்டிவிடுகிறாள். ஒன்றும் கேட்பதில்லை. அவள் கேட்காமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

கொக்கியும் நாற்காலியும் உங்களோடு இருக்கட்டும். எனக்குப் புத்தி சொல்லி எழுத வேண்டாம்.

மாப்பிள்ளை

மார்ச் 28

அன்புள்ள மச்சானுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். வீம்பில் எழுதியது, மன்னித்துவிடுங்கள்.

திங்கட்கிழமை ஒரு வார்ப்பு கை நழுவியது. பக்கத்து லேத் அம்மாவின் காலுக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. “பாத்துண்ணே, எனக்கு இருக்கறதே ரெண்டு காலு” என்று அவர் சிரித்தார். என் பத்துக்கு அந்தம்மா ஏன் கால் கொடுக்க வேண்டும்?

டீ இடைவேளையில் யாருக்கும் தெரியாமல் நர்ஸம்மா அறைக்குப் போனேன். வாசலில் ஆறு பேர், எல்லாரும் ஐம்பதைத் தாண்டிய மற்றப் பிரிவு ஆட்கள். தலைவலி மாத்திரைக்கு வந்தேன் என்றார் வெல்டர். பெயிண்டர் சும்மா காற்று வாங்க வந்தாராம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நர்ஸம்மா கதவைத் திறந்தார். “எல்லாரும் பத்து போட்டவங்கதானே? உள்ள வாங்க. புதுத் தாள் எடுத்து வச்சிருக்கேன்.” நாங்கள் சிரித்த சிரிப்பில் வெல்டருக்குப் பல்செட்டே கழன்றுவிட்டது.

தூக்குவதற்கு நான்கு போட்டேன். உங்கள் ஆறைவிடவும் குறைவு, மச்சான். ஆனாலும் போட்டேன். அடுத்த வாரம் பெரிய லைனுக்குச் சங்கிலிக் கொக்கி வருகிறது. அதுவரை எனக்குச் சின்ன வார்ப்புதான். அன்று ராத்திரி உங்கள் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இதுக்கு மூணு வாரமா?” என்று கேட்டாள், அவ்வளவுதான்.

தாளின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. இரண்டு வருடம் கழித்தும் இந்த வேலையைச் செய்ய முடியும் என்று நினைக்கிறீர்களா? முடியாது, சந்தேகம், நிச்சயமாக என்று மூன்று கட்டம்.

‘நிச்சயமாக’வில் டிக் அடித்தேன். சத்தியமாகப் பொய் இல்லை.

என்றும் உங்கள்,
மாப்பிள்ளை