கடலைக்காய்க் காவல்

நங்கைக்கு,

மழை வரும்போலிருந்ததால் விறகை மூட, பரண்மேல் கிடந்த பழைய லாரித் தார்ப்பாயை இன்று இறக்கினேன். மடிப்பைப் பிரித்ததும் மெழுகு வாடையும் செம்மண் வாடையும் சேர்ந்து வந்தன. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். வந்ததோ பழைய பொறாமை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நீங்கள் என் அண்ணனைக் கட்டி வந்து ஒரு வருஷம்கூடத் திரும்பவில்லை. நாமகிரிப்பேட்டைக்கு அப்பால், ஊரைவிட்டுத் தள்ளியிருந்த நம் காட்டில் ஆய்ந்த கடலைக்காய் அம்பாரமாகக் கிடந்தது. அண்ணன் போர் போடும் ரிக் வண்டியோடு ஆந்திராவுக்குப் போயிருந்தான். அப்பா கால் முறிந்து படுத்திருந்தார். ராக்காவலுக்கு நான் போகிறேன் என்றேன்.

"வயசுப் புள்ள காட்டுல போய்ப் படுக்கறதா? சும்மா கெட" என்றாள் அம்மா.

நீங்கள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் போறேனுங்க அத்தை" என்றீர்கள். அம்மா சரி என்றுவிட்டாள். உங்களுக்கும் எனக்கும் ஒரே வயது. நேற்று வந்த மருமகளுக்குக் காடு, பெற்ற மகளுக்கு அடுப்படி. எனக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலம் உங்களுக்குச் சோறு கொண்டுவந்தது நான்தான். மாட்டுவண்டிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தி, அதன்மேல் இந்தத் தார்ப்பாயை இழுத்து, நாலு மூலையிலும் முளையடித்துக் கட்டியிருந்தீர்கள். கட்டில் மட்டும் அம்பாரத்தை விட்டு எட்டத்தில் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "கடலைக்காய்க்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். நடுவுல நான் எதுக்கு அம்மிணி?" என்று சிரித்தீர்கள். தலைமாட்டில் அரிக்கேன் விளக்கு, தட்டினால் ரோட்டு வரைக்கும் கேட்கும் எண்ணெய் டின், கட்டில் காலில் நாய். குறை சொல்ல ஒன்றாவது அகப்படாதா என்று சுற்றிச் சுற்றி வந்தேன். அகப்படவில்லை.

விடிந்ததும் ஊரே உங்கள் தைரியத்தைப் பேசியது. கல்யாணமா, காதுகுத்தா, எங்கே போனாலும் அந்தப் பேச்சுதான். நீங்கள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கூட உட்கார்ந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்பு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த வெள்ளாமைக்கு உங்கள் மடியில் குழந்தை. அண்ணன் மறுபடியும் ஆந்திராவில். அம்மா என்னைப் பார்த்து, "சரி, போ" என்றாள். வண்டி, தார்ப்பாய், டின் எல்லாம் நீங்கள் வைத்தபடியே வைத்தேன், ஒன்றைத் தவிர. கட்டிலை உங்களுடையதைவிட இன்னும் எட்டத்தில் போட்டேன். ஒரு கொட்டைகூடக் குறையாமல் விடிந்தது. ராணி மாதிரி ஊட்டுக்குத் திரும்பினேன்.

நீங்கள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டீர்கள்: "அத்தை கெணத்து மேட்டு மோட்டார் ரூமுலயா படுத்திருந்தாங்க?"

"அம்மாவா? ஊட்டுலதான இருந்துச்சு?"

உங்கள் முகம் மாறிவிட்டது. மெதுவாகத்தான் சொன்னீர்கள். "நான் இருந்த அன்னிக்கு விடியற மட்டும் அங்கதான் உக்காந்திருந்தாங்க. என்கிட்டச் சொல்லலை. இருமறது கேட்டுட்டே இருந்துச்சு. அதனாலதான் நான் தூங்கினேன்."

அம்மாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவள் மாட்டுக்குச் சோளத்தட்டு போடுவதை நிறுத்தவில்லை. "அவ ஊரான் பெத்த புள்ள. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவுங்கம்மாளுக்கு நான் பதில் சொல்லோணும். நீ என்ற புள்ளதான?"

நான் அழுதுகொண்டு வந்தபோது நீங்கள், "நெசமாலுமே தனியா இருந்தவ நீதான் அம்மிணி. எனக்குப் பொறாமையா இருக்குது" என்றீர்கள். அது கேலியில்லை. அன்றிலிருந்து காவல் பேச்சு வந்தாலே, "நான் இல்லீங்க, எங்க நாத்துனாதான்" என்று என்னைக் கைகாட்டினீர்கள். நான் ஆசைப்பட்ட பேர் எனக்கு வந்துவிட்டது.

அந்தத் தைரியத்தில்தான் கட்டிக்கொடுத்த வீட்டிலும் சரி, வீட்டுக்காரர் போன பிறகும் சரி, ஒண்டியாகவே இருக்கப் பழகினேன். இப்போதும் தனியாகத்தான் படுக்கிறேன். பயமில்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன் நங்கை. படுக்கும்போது என் காது இன்னும் அந்த மோட்டார் ரூம் பக்கம்தான் இருக்கிறது. அம்மா உங்களுக்காக இருமிய இருமல் எனக்கு ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.