உன் கடைசி அத்தியாயத்தில் நம் அத்தை

ஸ்ஃபாக்ஸ்,
19 ஜூலை 2024

தங்கை உல்ஃபாவுக்கு அண்ணன் முன்ஜி எழுதுவது.

இறைவனின் சாந்தி உன்மீது உண்டாகட்டும். அதை யாருக்கும் மறுக்கக் கூடாது என்பதால் உனக்கும் எழுதுகிறேன். ‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை.

லியோனில் உன் நாவலுக்குப் பரிசு கொடுத்தார்களாம். இங்கே என்ன கொடுத்தார்கள் என்று கேள். போன மாதம் திவான் கோட்டை வாசலுக்கு அருகிலுள்ள புத்தகக் கடையில் அதைப் பற்றிப் பேசக் கூடினார்கள். எழுதியவளின் அண்ணன் என்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் ஸ்கைர் எழுந்து, “ஒரு பொணத்தைக் கண்டுபிடிக்க நானூறு பக்கமா? மூணு தலைமுறையில ரெண்டை வெட்டிப் போட்டிருந்தா ஒண்ணும் கெட்டிருக்காது” என்றார். மருந்துக்கடை ரஃப்லா அம்மாளுக்கு வந்ததே கோபம்! தாத்தாவின் ஆலிவ் செக்கு வரும் பக்கங்களைப் படித்து அழுதாளாம். ஓர் இளம் வக்கீல் பெண், “புருஷனைத் தொட்டியில தள்ளினாளே, அவ ஒருத்திதான் இந்தக் கதையில முதுகெலும்பு உள்ளவ” என்றாள். “கொலைகாரிக்குக் கை தட்டுறியாம்மா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அதுவரை நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஸ்கைர் என் பக்கம் திரும்பி, “நீ அந்த வீட்டு ஆளுதானே? மஹ்பூபா செஞ்சாளா இல்லையா, சொல்லிட்டுப் போ” என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நாவலில் அத்தையின் பெயர் மஹ்பூபா இல்லைதான். ஆனால் அவள் சாய்ந்து நடக்கும் நடையை எழுதினாய். முற்றத்துக்கு அடியிலுள்ள மழைநீர்த் தொட்டியை எழுதினாய். கல்யாணமான இரண்டாம் வருடம் காணாமல் போன கணவனை எழுதினாய். திஜானி மாமாவை ஊர் மறந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பெயரை மாற்றினால் போதும் என்று உனக்கு யார் சொன்னது?

பக்கத்து வீட்டு நஸீஹா, அத்தை அனுப்பிய கூஸ்கூஸைத் தட்டோடு திருப்பி அனுப்பினாள். மீன் சந்தையில் ஒருவன், “உங்க அத்தை வீட்டுத் தண்ணி தனி ருசியாமே” என்று என் காதுபடச் சொன்னான். அவளுக்கு எண்பத்து நான்கு வயது, உல்ஃபா.

பிறகு திஜானியின் அண்ணன் மகன் ரிதா தண்ணீர் இறைக்கும் மோட்டாரோடு வாசலில் வந்து நின்றான். எலும்பையாவது எடுத்து முறைப்படி அடக்கம் செய்ய வேண்டுமாம். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அத்தைதான் உள்ளேயிருந்து, “விடுடா அவனை. தொறந்து பாத்துக்கட்டும்” என்றாள். சேர்த்து வைத்திருந்த மழைத் தண்ணீர் முழுவதும் தெருவில் ஓடியது. அக்கம்பக்கத்தார் மாடியில் நின்று பார்த்தார்கள். அடியில் சேறும் ஒரு செப்புக் குவளையும் கிடந்தன. வேறொன்றும் இல்லை. ரிதா மன்னிப்புக் கேட்கவில்லை. “வேற எங்கயாவது போட்டிருப்பா” என்று சொல்லிவிட்டுப் போனான். குழாய்த் தண்ணீர் அத்தையின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. மழைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

மறுநாள் அவள் உன் புத்தகத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். பிரெஞ்சை நம் பேச்சில் மாற்றிச் சொல்லி முடிக்க ஒன்பது பிற்பகல்கள் ஆயின. தொட்டி வரும் இடத்தில் நான் பூசி மெழுகியபோது என் கையில் அடித்தாள். “அவ எழுதினதை அப்படியே சொல்லுடா.”

முடிந்ததும் நான்தான் குதித்தேன். வக்கீல் வைப்பேன், கடைசி அத்தியாயத்தை எடுக்க வைப்பேன் என்றேன். அத்தை எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்தாள். 1963, கடலுக்கு அப்பால் மார்செய் நகரத்தின் தபால் முத்திரை. திஜானி மாமாவின் கையெழுத்தில் நான்கு வரி. அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டேன், தேட வேண்டாம் என்று.

நம் அப்பாவிடம்கூட அவள் அதைக் காட்டவில்லை. “காணாமப் போனவன் பொண்டாட்டின்னா நாலு பேரு ஐயோ பாவம்னாங்க. வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டான்னு தெரிஞ்சிருந்தா, எங்கிட்ட என்ன குறைன்னு தேடியிருப்பாங்க” என்றாள்.

இதை ஊரிடம் காட்டினால் எல்லார் வாயும் மூடும் என்று கெஞ்சினேன். “வேணாம். அவ கதையில நான் அவனைப் பிடிச்சுத் தள்ளுறேன். நெசத்துல நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு, போகாதேன்னு அழுதேன்டா. அவ எழுதினதே இருக்கட்டும்” என்றாள். உனக்கு மட்டும் சொல்லலாம் என்றாள். சொல்லிவிட்டேன்.

இனி யார் கேட்டாலும் நான் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். ஊர் அதைக் கொலையை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பாரத்தை என் தலையில் ஏற்றியவள் நீ. உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆகஸ்டில் வருவதாக எழுதியிருந்தாய். வா. தெருவில் யாராவது ஏதாவது சொன்னால் பதில் சொல்லாதே. அத்தையின் கையை முத்தமிட்டு அவள் பக்கத்தில் உட்கார். அவளாகப் பேசினால் கேட்டுக்கொள். பேசாவிட்டால், உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், நீ ஒன்றும் கேட்காதே.

இறைவன் உனக்கு நல்ல புத்தியையும், நீ வந்து சேரும்வரை அவளுக்கு ஆயுளையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
முன்ஜி