அப்பா வரைந்த குளம்பு

அப்பா,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். லாயம் காலியாக இருக்கிறதென்று பதறாதீர்கள். குதிரையை நான்தான் சரளைக்கல் பாதைக்கு ஓட்டிப் போகிறேன்.

“லாடம் அடிக்கிறவன் வீட்டுக் குதிரை வெறுங்காலோட நடந்தா ஊரே சிரிக்கும்.” ஐந்து மாதம் முன்பு, லாடம் இறுக்கிக் குதிகால் சுருங்கியதால்தான் குதிரை நொண்டுகிறதென்று நான் அதைக் கழற்றிய அன்று சொன்னீர்கள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டீர்கள்.

இன்று விடிந்ததும் குதிரை குதிகாலை முதலில் ஊன்றி நடந்தது. நொண்டவே இல்லை. அதை எழுதிவைக்க என் நோட்டைத் திறந்தபோது தூக்கிவாரிப் போட்டது. ஞாயிறுதோறும் குளம்பைத் தாளில் வைத்து வரைவேன். காய்ச்சலில் கிடந்த இரண்டு ஞாயிறும் வரையவில்லை. அந்தப் பக்கங்களிலும் குளம்பு இருக்கிறது, உங்கள் பட்டறைப் பென்சிலில். அந்த நோட்டை நான் யாருக்கும் காட்டியதில்லை அப்பா.

குதிகால் அரைவிரல் அகன்றதை நீங்களே அளந்திருக்கிறீர்கள். பத்து மணிக்குக் குதிரையை வாங்கிப்போக லாரிக்காரர் வருவார். நொண்டிக் குதிரையைத்தானே தருவதாக அவரிடம் சொன்னீர்கள்? நம் வீட்டில் அப்படி ஒன்று இல்லையென்று அனுப்பிவிடுங்கள்.

லாயத்துச் சாவி ஆணியில் தொங்குகிறது.

இன்றும் ஞாயிறுதான். பென்சிலை எடுத்துக்கொண்டு வாருங்கள். குதிரையின் காலை நான் தூக்கிப் பிடிக்கிறேன்.