ஒரு வளைவு பின்னால் வந்த டோலி

கண்ணமங்கலம்
12.12.1983

அன்பு மகள் பூங்கோதைக்கு,

அப்பா பாண்டுரங்கன் ஆசியோடு எழுதுவது. இங்கே உன் அம்மா நலம். நான் கொஞ்சம் நொண்டி நலம். காரணம் கீழே வருகிறது, பதறாதே.

போன கடிதத்தில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "அம்மாவால் ஜெய்சல்மேர் வரைக்கும் வர முடியும் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா, இல்லை அவள் ஆசைப்படுகிறாள் என்பதற்காகச் சொல்கிறீர்களா?" கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சில நாள் திரிந்தேன். எனக்கே பதில் தெரியவில்லை. உப்பு கரையுமா என்று வகுப்பில் எவனாவது கேட்டால், தண்ணீரில் போட்டுப் பாரடா என்பேன். அதையே செய்தேன். உன் அம்மாவை மலைக்கு அழைத்துப் போனேன்.

நீ பயப்படுவதில் தவறில்லை. வேலூரில் அவளுக்கு மார்பைத் திறந்து ஆபரேஷன் நடந்தபோது வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நீ. ஆனால் தீபாவளிக்கு நீ எழுதியதையும் நினைத்துப் பார். ஜெய்சல்மேர் பக்கம் நிலத்தடி நீர் அளக்கப் போன இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கியதையும், காற்று மணலில் கோலம் போடுவதையும், ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்த்ததையும் எழுதி, மாற்றல் வருவதற்குள் இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று அழைத்தாய். அடுத்த கடிதத்தில் வேண்டாம் என்றாய். முதல் கடிதத்தை அவள் இன்னும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். இரண்டாவதை நான் காட்டவில்லை.

அமிர்திக் காட்டுக்கு மேலே, மலை ஊர் ஒன்றில் சின்னராசு இருக்கிறான். சந்தைக்குப் புளியும் தேனும் கொண்டுவருகிறவன், உனக்கும் தெரிந்தவன்தான். வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள் என்று எப்போதும் அழைப்பான். அங்கே ஓர் இரவு தங்கி, விடிந்ததும் ஊருக்கு மேலே உள்ள பாறையில் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று திட்டம். டாக்டரிடம் கேட்டேன். மெதுவாக ஏறலாம், மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும், மாத்திரை தவறக்கூடாது என்றார். அவர் சொன்னது போதாதென்று நானாக ஓர் ஏற்பாடு செய்தேன். சின்னராசுவும் அவன் தம்பி கோவிந்தனும் மூங்கிலில் கம்பளி கட்டிய டோலியோடு எங்களுக்கு ஒரு வளைவு பின்னால் வர வேண்டும். உன் அம்மா கண்ணில் படக்கூடாது. என் பழைய டிரில் விசிலை ஊதினால் ஓடிவர வேண்டும்.

மழை நின்று சில நாள்தான் ஆகியிருந்தது. காடு கழுவிவிட்டது போல் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் ஓடும் சத்தம். மூங்கில் புதரைத் தாண்டியதும் பாதை செங்குத்தாக ஏறுகிறது. உன் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பூப் பார்க்க நின்றாலும் "இன்னா, மார் வலிக்குதா?" என்று கேட்டேன். கடைசியில் அவள் பொறுமை போய்விட்டது. "பூவப் பாக்க வுடுங்க. நீங்க கேக்கறதுலயே எனக்கு வலி வந்துரும் போலக்குது" என்றாள்.

பாதையின் குறுக்கே ஓர் ஓடை. முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர், ஆனால் கல்லெல்லாம் பாசி. அங்கே நின்று, "கைய வுடுங்க. நீங்க புடிச்சா ரெண்டு பேரும்தான் உழுவோம்" என்று சொல்லி, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பிறகு கல்லைக் காலால் தடவிப் பார்த்து, அடுத்த அடி வைத்து, நடுவில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி நடந்தாள். அவள் நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. பின்னாலேயே பாய்ந்தேன். அவள் அக்கரை சேர்ந்துவிட்டாள். நான் தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது.

எழுந்து நிற்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் விசிலை எடுத்து ஊதினேன். இரண்டு பேரும் டோலியோடு ஓடிவந்தார்கள். நான் தண்ணீரில் கிடப்பதைக் கவனிக்கவே இல்லை. நேராக உன் அம்மாவிடம் போய், "ஏறுங்கம்மா, பயப்படாதீங்க, பூ மாதிரி தூக்கினு போய் வுட்டுர்றோம்" என்றான் சின்னராசு.

அவள் டோலியைப் பார்த்தாள். விசிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஓ, எனக்குத்தான் தொட்டில் கட்டியாந்தீங்களா? சரி, பெரிய கொழந்தைய மொதல்ல ஏத்துங்க" என்றாள்.

அப்படித்தான் நான் மலையேறினேன், மகளே. கம்பளிக்குள் படுத்துக்கொண்டு வானத்தையும் மூங்கில் நுனியையும் பார்த்தபடி போனேன். "சாரு கனமாத்தான் கீறாரு" என்று கோவிந்தன் முனகுவது காதில் விழுந்தது. உன் அம்மா பக்கத்தில் நடந்துவந்தாள். மூச்சு வாங்கும்போதெல்லாம் அவளாகவே கையை உயர்த்துவாள், டோலி நிற்கும். கை இறங்கினால் டோலி நகரும். ஊர் எல்லையில் சின்னராசுவின் மனைவி மங்கம்மாள் காத்திருந்தாள். "அம்மாவத் தூக்கியார்றோம்னு போனீங்க, இன்னாத்துக்கு வாத்தியாரத் தூக்கியாந்துகீறீங்க?" என்று அவள் கேட்க, கூடிநின்ற சனமெல்லாம் சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவள் உன் அம்மாதான். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

மாலையில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். மங்கம்மாள் என் காலில் பற்றுப் போட்டாள். அதன் பிறகுதான் உன் அம்மா பேசினாள். கோபமாக இல்லை, அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. "என்னிய நம்பித்தான் இட்டாந்தீங்கன்னு நெனச்சேன்" என்றாள். வாழை குலை தள்ளும்போது முட்டுக் கொடுப்போம். குலை வெட்டிய பிறகும் முட்டுக் கம்பை எடுக்காமல் வைத்திருப்பவனை என்னவென்று சொல்வது?

விடிந்ததும் அவளும் மங்கம்மாளும் பாறைக்குக் கிளம்பினார்கள். நான் காலை நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். விசில் என் பையில்தான் இருந்தது; அவளிடம் கொடுத்து அவளே ஊதியிருந்தாலும் இந்தக் காலோடு ஓடிப்போய் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தேர்வு எழுதும் பிள்ளையை வெளியே நின்று பார்க்கும் தகப்பன்களை நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு அவர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பனி விலகி, சாமைத் தாளில் வெயில் விழுந்து, ஆடுகள் மேய்ச்சலுக்குப் போன பிறகும் அவர்கள் வரவில்லை.

வந்தார்கள். முகமெல்லாம் வெயில். பாறையை நான் பார்க்கவில்லை, அவள் சொன்னதைத்தான் உனக்கு எழுத முடியும். ஒரு பக்கம் மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் நீலமாக இன்னொன்று. மறுபக்கம் நம்ம கண்ணமங்கலத்து ஏரி, யாரோ கைக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுப் போனது போல. "நம்ம வூடு தெரிதான்னு தேடினேன், தெரியல. அவ்ளோ தூரம் ஏறிட்டேன்" என்றாள். கடைசி ஏற்றத்தில் மூச்சு முட்டியதா என்று கேட்டேன். மறைக்கவில்லை. "முட்டிச்சு. நின்னேன். அடங்குச்சு. ஏறினேன். அவ்ளோதான்" என்றாள்.

உன் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அவளுக்கு மூச்சு வாங்கும். எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. இறங்கும்போதும் நான் டோலியில்தான் வந்தேன்.

வீடு திரும்பியதும் உன் இரண்டாவது கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, "மணல்ல உழுந்தா வலிக்காதுன்னு எழுதுங்க" என்றாள். ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்காலைத் தூக்கும், பின்பக்கம் சாய்ந்துகொள்ள வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? தினமும் கட்டிலில் உட்கார்ந்து சாய்ந்து பழகுகிறாள். என் கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது. பொங்கல் கழிந்து, மெட்ராஸ் போய் ரயில் ஏறுகிறோம். மாத்திரைகள், டாக்டர் சீட்டு எல்லாம் கையோடு வரும். கைத்தடியும் வரும், அது எனக்கு.

அந்தப் பாலைவனத்தில் தனியாகக் கூடாரம் போடும் உன் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் யோசித்திருக்கிறேன். இப்போது தெரிகிறது. நீயும் அம்மாவும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் செய். எங்கள் ரயில் வந்து நிற்கும்போது உன் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நில். அம்மாவின் இரண்டு காலும் பிளாட்பாரத்தில் பதிந்த பிறகு அவிழ்.

உன் அன்பு அப்பா,
பாண்டுரங்கன்