சண்டை சச்சரவு இல்லாத ஊர்

ஆலங்கரை,
8-7-1974

செவ்வந்திக்கு அண்ணன் எழுதுவது.

அம்மா சுகம். வேம்புச் சின்னம்மா சுகம். ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நட்டாயிற்று. நான் மட்டும் சுகமாக இல்லை. காரணம் நீ.

நேற்று குடவாசல் கடைத்தெருவில் உன் பழைய வாத்தியார் இராஜாங்கம் சார் என்னை நிறுத்தி, "என்னப்பா, தங்கச்சி கெமிஸ்ட்ரிய விட்டுட்டு ஹிஸ்டரிக்கு மாறிடுச்சாமே?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். எனக்கே தெரியாத செய்தி. தெரிந்தவன் போல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த சீட்டுக்காக எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று உனக்குத் தெரியுமா? நம் தெருவிலிருந்து காலேஜ் படி ஏறிய முதல் பெண் நீ. கெமிஸ்ட்ரி படித்தால் ஆஸ்பத்திரி, லேப் என்று ஏதாவது ஒரு சர்க்கார் உத்தியோகம். செத்துப்போன ராஜாக்களை மனப்பாடம் செய்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

நாளைக்கே பிரின்சிபாலைப் பார். மாற்றிக்கொண்டு எனக்குப் பதில் போடு.

கோபத்துடன்,
கோவிந்தராசு


மாணவியர் விடுதி,
கும்பகோணம்,
13-7-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். மாறப்போவதில்லை என்பதையும் சொல்லுங்கள்.

முதல் நாள் வகுப்பில் சௌந்தரநாயகி மிஸ் ஒவ்வொருவரையும் எழுப்பி, எதற்காக சரித்திரம் எடுத்தாய் என்று கேட்டார்கள். ஒருத்தி, வேறு சீட் கிடைக்கவில்லை என்றாள். ஒருத்தி, கல்யாணம் ஆகும்வரை என்றாள். என் முறை வந்தது. வேறு ஏதாவது சொல்லத்தான் எழுந்தேன். வாயில் வந்தது இதுதான்: "எங்கண்ணன் மைக்ல பொய் சொல்லிச்சு மிஸ். அதனாலதான்."

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை.

சித்திரையில் பட்டா கொடுத்த விழாவில் நீங்கள் படித்தது எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. "பெரியவர் பஞ்சநதம் அவர்கள் மனமுவந்து தானமாகத் தந்த மனை. இந்த ஊரில் ஒருநாளும் சண்டை சச்சரவு இருந்ததில்லை." எல்லோரும் கைதட்டினார்கள். மாலையும் துண்டுமாக மேடையில் அவர், பக்கத்தில் நீங்கள். கீழே, பெண்கள் வரிசையில், வேம்புச் சின்னம்மா.

அண்ணா, சண்டை இல்லையென்றால் சின்னம்மாவின் புருஷன் கண்ணுசாமி சித்தப்பா எங்கே? நம் ஆட்சி வந்த மறு வருஷம் தை அறுவடையில், கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு வெளியூர் ஆட்களைப் போலீஸ் வண்டியோடு கொண்டுவந்து இறக்கினாரே, அது இதே பஞ்சநதம்தானே? அவர்களை வயலில் இறங்கவிடாமல் வரப்பில் குறுக்கே படுத்த சித்தப்பாவை அடித்தே கொன்றார்களே. குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்தான் என்று எழுதி மூடினார்கள். அன்றைக்குப் பொய் சொன்னவர்கள் அவர்கள். இன்றைக்கு நீங்கள்.

நாளைக்கு யாராவது ஆலங்கரையைப் பற்றி எழுதினால் உங்கள் பேச்சைத்தான் எழுதுவார்கள். அதனால்தான் இந்தப் படிப்பு.

செவ்வந்தி


ஆலங்கரை,
20-7-1974

செவ்வந்திக்கு,

என்னை வகுப்பில் வைத்துச் சந்தி சிரிக்க வைத்திருக்கிறாய். நல்லது.

சித்தப்பாவை வரப்பிலிருந்து தூக்கி வந்தது யார்? நீ அன்று பாவாடை கட்டிய பிள்ளை, வாசலில் நின்று பார்த்தாய். அவர் தலை என் மடியில் கிடந்தது. எனக்கா மறக்கும்?

குடியிருப்பவனுக்கே மனை என்று சட்டம் வந்தால் மட்டும் பட்டா வந்துவிடாது. நம் தெரு முழுக்கத் தன் தோப்பு என்று பஞ்சநதம் மனு போட்டிருந்தார். கோர்ட்டுக்குப் போனால் நம் ஆயுசு முடிந்துவிடும். கடைசியில் நம் கட்சியிலேயே வந்து சேர்ந்தார். ஆட்களை அனுப்பிச் சொன்னார்: மனுவை வாபஸ் வாங்குகிறேன், தானம் என்று கோவிந்தராசு வாயால் மேடையில் சொல்லட்டும் என்று. சொன்னேன். அந்த நாலு வரிக்குத்தான் சின்னம்மா பேரில் பட்டா. இனி அவள் கூரையை எவனும் பிடுங்க முடியாது. உன் உண்மையை வைத்துக் கூரை வேய முடியுமா?

கிளைச் செயலாளராக இருந்துகொண்டு தினம் அந்த ஆள் முகத்தில் விழிப்பது நான். நீ விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறாய்.

இனி எனக்குக் கடிதம் போடாதே.

கோவிந்தராசு


கும்பகோணம்,
5-8-1974

அண்ணனுக்கு,

போடாதே என்றீர்கள். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்தேன். நீங்கள் கட்சி வட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தீர்கள். சின்னம்மா களை பறித்துக்கொண்டிருந்த வயலுக்கே போனேன். சித்தப்பாவைப் பற்றிச் சொல்லுங்க, எழுதி வச்சுக்கிறேன் என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது.

"இத்தினி வருசமா என் வீட்டைத் தாண்டித்தானே போன வந்த? ஒருநாள் கேட்டியா? இப்ப படிப்புக்கு வேணுமா எம்புருசன்?"

நான் நோட்டை மடக்கினேன்.

"ஒங்கண்ணன் அவரு இருந்ததையே இல்லேன்னுட்டான். நீ பாடமா ஆக்குற. ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான், போடி."

கரையேறி வந்துவிட்டேன். அங்கே நின்றிருந்த பெண்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

உங்கள் மேல் கோபம் குறையவில்லை. பட்டாவுக்காகச் சொன்னீர்கள் என்பது புரிகிறது, புரிந்த பிறகும் குறையவில்லை. இப்போது என் மேலும் வந்திருக்கிறது. கேட்கத் தெரியாமல் போய்க் கேட்டேன். இனி யாராவது என்னை எதற்காக சரித்திரம் என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். கேட்கத் தெரிந்துகொள்ள என்று சொல்வேன்.

செவ்வந்தி


ஆலங்கரை,
18-8-1974

செவ்வந்திக்கு,

பதினைந்தாம் தேதி பஞ்சநதம் தன் அப்பா பெயரில் ஒரு படிப்பகம் திறந்தார். வரவேற்புரை என் தலையில். எழுதிக் கொடுத்தும் விட்டார்கள். முதல் நாள் காலையில் சின்னம்மா நம் வீட்டுக்கு வந்தது. பட்டா விழாவுக்குப் பிறகு இப்போதுதான் வாசல் மிதிக்கிறது.

"நாளைக்கு என்னா பேசப்போற?"

"எழுதிக் குடுத்ததைத்தான் சின்னம்மா."

"பட்டாதான் வந்திருச்சே. இன்னும் எதுக்குடா விக்கிற அவர?"

அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே பஞ்சநதம் வீட்டுக்குப் போனேன்.

"நாளைக்கு நான் பேசலைங்க."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தாங்க இருக்கு. பேசலை."

சிரித்துக்கொண்டே காப்பி கொடுக்கச் சொன்னார். நான் குடிக்கவில்லை. மறுநாள் அவர் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் மகன் வரவேற்புரை படித்தான். அன்று சாயங்காலமே கிளைச் செயலாளரும் அவன்தான் என்று வட்டத்திலிருந்து ஆள் வந்து சொன்னார்கள்.

நான் செய்தது தப்பு என்று இந்தக் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை. தேடாதே. பட்டா வாங்கியது வாங்கியதுதான். மறுபடி அதே நிலைமை வந்தாலும் வாங்குவேன். நீ வகுப்பில் சொன்னதையும் நான் மன்னிக்கவில்லை.

சின்னம்மா உன்னை வரும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறது. நம் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் சொல்லுமாம். நோட்டு, பேனா எதுவும் கூடாதாம். நடுவில் எழுந்து போகக் கூடாது என்றது, என்னைப் பார்த்து.

குடவாசல் பஸ் ஸ்டாண்டுக்கு நான் வரமாட்டேன். சைக்கிளை இராஜாங்கம் சார் வீட்டில் விட்டு வைக்கிறேன். ரோடு மோசம், செயின் வேறு கழலும். பார்த்து மிதி.

கோவிந்தராசு